எல்லா ஆஃப்லோடையும் அணைத்துவிடச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் வாசகர் ஒருவர், சர்வருக்குப் பெரிய கோப்புகளை அனுப்பும்போது மட்டும் இணைப்பு பாதியில் நின்றுவிடுவதாகவும், இணையதளங்களைப் பார்ப்பதிலோ மின்னஞ்சலிலோ எந்தக் குறையும் இல்லை என்றும் எழுதிக் கேட்டிருந்தார். நெட்வொர்க் கார்டின் அமைப்புகளுக்குள் சென்று ஆஃப்லோடு (பிராசஸரின் வேலையைக் கார்டிடம் ஒப்படைக்கும் வசதி) என்று பெயர் வருகிற அனைத்தையும் அணைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று அவருக்குப் பதில் தரப்பட்டிருந்தது. பல இடங்களில் அந்த யோசனை பலிக்கவும் செய்யும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால், சர்வர்களையும் அவற்றின் நெட்வொர்க் கார்டுகளையும் பராமரிப்பதையே பல ஆண்டுகளாக வேலையாகக் கொண்டிருப்பவன் என்ற முறையில், அந்தப் பதில் பழுதைக் காட்டித்தரக்கூடிய தடயத்தையும் சேர்த்தே அழித்துவிடுகிறது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அணைத்தவருக்கு எது கெட்டிருந்தது என்பது கடைசிவரை தெரியாது. கெட்டிருந்தது கார்டா, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரா, கார்டு செருகப்பட்டிருக்கும் இடமா என்பதும் தெரியாது. அதை விடவும் கவலை தருவது, சில வகைப் பழுதுகளில் அணைத்த பிறகும் உள்ளே கோளாறு நடந்துகொண்டேதான் இருக்கும், வெளியே மட்டும் தெரியாது.

இந்த வசதிகள் ஏன் வந்தன என்பதைச் சற்று விளக்கினால்தான் மற்றவை புரியும். கம்பிவழி நெட்வொர்க்கான ஈதர்நெட்டில், தரவு பயணிக்கும் சிறு பொட்டலமான ஒரு பாக்கெட் வழக்கமாகச் சுமப்பது 1500 பைட். அதில் முகவரியைச் சொல்லும் ஐபி தலைப்புக்கு 20 பைட், தரவு வரிசையாகவும் முழுமையாகவும் சேர்வதைக் கவனிக்கும் டிசிபி தலைப்புக்கு 20 பைட், நேரக்குறிப்புக்கு 12 பைட் கழிந்தால் உண்மையான தரவுக்கு மிஞ்சுவது 1448 பைட்தான். நொடிக்கு 10 கிகாபிட் வேகமுள்ள இணைப்பை முழு அளவுப் பாக்கெட்டுகளால் நிரப்பினால் நொடிக்கு 8,12,000 பாக்கெட்டுகளுக்கு மேல் போகும். அதாவது ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கும் அவகாசம் 1.23 மைக்ரோ நொடி. அந்த அவகாசத்துக்குள் தலைப்பு எழுதி, தரவு சிதைந்ததா என்று சரிபார்க்க உதவும் கூட்டுத்தொகையான செக்சம் கூட்டி, வரிசையில் சேர்ப்பது என்று ஒவ்வொன்றுக்கும் பிராசஸர் ஓடிக்கொண்டிருந்தால், அந்தக் கணினி எந்த வேலைக்காக வாங்கப்பட்டதோ அந்த வேலைக்கு அதனிடம் நேரம் இருக்காது. ஆகவேதான் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் 65,160 பைட் கொண்ட ஒரே பெரிய துண்டைக் கார்டிடம் ஒப்படைத்துவிடுகிறது. கார்டு அதை 45 பாக்கெட்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் தலைப்பு ஒட்டி, வரிசை எண் மாற்றி, செக்சம் எழுதி அனுப்புகிறது. டிஎஸ்ஓ என்று லினக்ஸ் உலகிலும், லார்ஜ் சென்ட் ஆஃப்லோடு என்று விண்டோஸ் உலகிலும் அழைக்கப்படுவது இதுதான். வரும் திசையிலும் இதே போல, சிறு பாக்கெட்டுகளைச் சேர்த்துக் கட்டி மேலே அனுப்புவதற்கு எல்ஆர்ஓ, ஜிஆர்ஓ என்ற இரு முறைகள் உண்டு. முன்னது பெரும்பாலும் கார்டின் வேலை, பின்னது கெர்னலின் வேலை.

நறுக்குகிற வேலை மிகவும் நுணுக்கமானது. டிரைவர் ஒரு பட்டியல் எழுதி, இந்த நினைவக இடத்திலிருந்து இத்தனை பைட், அடுத்த இடத்திலிருந்து இத்தனை பைட், தலைப்பின் நீளம் இவ்வளவு, ஒவ்வொரு துண்டின் அளவு இவ்வளவு என்று கார்டுக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலில் ஒரு நீளம் பிசகினாலோ, கார்டு படித்து முடிப்பதற்குள் டிரைவர் அந்த நினைவக இடத்தை வேறு வேலைக்கு விட்டுவிட்டாலோ, கார்டின் உள்மென்பொருள் எதிர்பாராத ஒரு அடுக்கைச் சந்தித்தாலோ, கார்டு அப்படியே உறைந்துபோகும். அல்லது, அதனினும் மோசமாக, உறையாமல் தவறான பைட்டுகளை அனுப்பிவிடும்.

தங்கள் வாசகரின் பழுதை ஆராய்வதற்கு எந்தக் கருவியும் எடுக்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: தொல்லை அனுப்பும்போதா, பெறும்போதா? டிஎஸ்ஓ அனுப்பும் திசைக்கு மட்டுமே உரியது. பதிவிறக்கம் சீராக இருந்து பதிவேற்றம் மட்டும் தடுமாறினால் ஐயம் அதன் மேல் விழ வேண்டும். பெறுவதில் மட்டும் தடுமாற்றம் என்றால் எல்ஆர்ஓ, ஜிஆர்ஓ, பெறும் பக்கத்துச் செக்சம் சோதனை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அடுத்தது, ஒரு பாக்கெட்டை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் சோதனையை நம்பி ஏமாறக் கூடாது. பிங் டிசிபி வழியே செல்வதில்லை என்பதால் அது டிஎஸ்ஓவைத் தொடுவதே இல்லை. நாள் முழுவதும் பிங் ஒரு பாக்கெட்டும் இழக்காமல் ஓடும், அதே நேரத்தில் கோப்பு நகல் செத்துக் கிடக்கும். ஆனாலும் பிங்குக்கு இங்கே ஒரு பயன் இருக்கிறது. துண்டாக்கத் தடைவிதித்து 1472 பைட் தரவுடன் பிங் அனுப்பிப் பாருங்கள். அதனுடன் தலைப்புகளின் 28 பைட் சேர்ந்தால் சரியாக 1500 ஆகும். அது போகவில்லை என்றால் உங்கள் தொல்லை பாதையிலுள்ள பாக்கெட் அளவு வரம்பைப் பற்றியது, ஆஃப்லோடைப் பற்றியது அல்ல. எதையும் அணைக்க வேண்டிய தேவை இல்லை. அது போய், டிசிபி மட்டும் திணறினால்தான் மேற்கொண்டு இந்த வழியில் தேட வேண்டும்.

கெர்னல் பதிவையும் படிக்க வேண்டும். லினக்ஸில் இன்டெல் கார்டுகளுக்கான ஈ-1000-ஈ டிரைவர், ஹார்டுவேர் யூனிட் ஹேங் என்று ஒரு வரியை எழுதிவிட்டுக் கார்டை மீட்டமைப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். வேறு டிரைவர்களில், அனுப்பும் வரிசை காலாவதியாகிவிட்டது என்று வாட்ச்டாக் எச்சரிக்கை வரும். இயல்பான கெடு 5 நொடி. இந்த வரிகள் இருந்தால் கார்டு உறைகிறது என்பது உறுதி. ஆனால் உறைவதற்கு டிஎஸ்ஓ மட்டுமே காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. மின்சிக்கன அமைப்புகளாலும் அதே வரி வரக்கூடும் என்பதால் அவற்றையும் தனியாகச் சோதிக்க வேண்டும்.

இனி, புதியவர்கள் மிகவும் தவறிப்போகும் இடத்துக்கு வருகிறேன். பழுது தேடுகிறவர் உடனே டிசிபிடம்ப்பையோ வயர்ஷார்க்கையோ எடுத்து, அனுப்பும் கணினியிலேயே பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்ப்பார். அங்கே வெளியே போகும் பாக்கெட்டுகள் அனைத்திலும் செக்சம் தவறு என்று தெரியும்; 1500 பைட்டுக்கு மேல் போகவே முடியாத இணைப்பில் 20,000, 60,000 பைட் பாக்கெட்டுகள் வரிசையாக நிற்கும். பழுதைப் பிடித்துவிட்டதாக அவர் மகிழ்வார். உண்மையில் அவர் பார்த்தது கார்டுக்குள் நுழைவதற்கு முந்தைய நிலையைத்தான். கார்டு இன்னும் நறுக்கவில்லை, செக்சம் இன்னும் எழுதவில்லை; எழுதப்படும் இடத்தில் கெர்னல் இட்டுவைத்த அரைகுறைக் கூட்டுத்தொகைதான் இருக்கிறது. இதே காரணத்தால்தான் வயர்ஷார்க்கின் பிந்தைய பதிப்புகளில் டிசிபி செக்சம் சரிபார்ப்பு இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. கம்பியில் உண்மையாக என்ன போகிறது என்று தெரிய வேண்டுமானால், சுவிட்ச்சில் அந்தப் போர்ட்டை வேறொரு போர்ட்டுக்கு மிரர் செய்து (அதாவது அதில் போவதன் நகலை அனுப்பச் செய்து), அங்கே மூன்றாவது கணினி ஒன்றை வைத்துப் பிடிக்க வேண்டும். அந்த மூன்றாவது கணினியிலும் எல்ஆர்ஓ, ஜிஆர்ஓ இரண்டையும் அணைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது தன் பங்குக்குப் பாக்கெட்டுகளைச் சேர்த்துக் கட்டி, இல்லாத பெரிய பாக்கெட்டுகளைக் காட்டும். இந்த ஒரு செய்தியை மட்டும் தங்கள் பத்திரிகை வெளியிட்டாலே பலரின் பல நாட்கள் மிச்சமாகும்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் என் கவலையின் வேர் அதில்தான் இருக்கிறது. நான் பராமரித்து வந்த ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு ஒவ்வொரு இரவும் காப்பு நகல் போகும். நகல் நிற்கவில்லை, வேகம் குறையவில்லை, எந்த எச்சரிக்கையும் பதிவாகவில்லை. ஒரு நாள் தற்செயலாக மூலக் கோப்புக்கும் நகலுக்கும் ஹேஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற எண்) எடுத்து ஒப்பிட்டேன். பொருந்தவில்லை. மறுபடி நகலெடுத்தேன், பொருந்தியது. எட்டு முறை நகலெடுத்ததில் இரண்டு முறை பொருந்தவில்லை, அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று வேறுபட்டன. இரண்டு கோப்புகளையும் பைட் பைட்டாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, பல கிகாபைட் சரியாக இருக்க, நடுவில் ஓரிடத்தில் சில நூறு பைட்டுகள் மட்டும் வேறு ஏதோ கோப்பின் துணுக்காக இருந்தன. திரையில் அந்த எண்களைப் பார்த்தபோது ஏற்பட்ட கலக்கத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அதற்கு முன் எடுத்த எத்தனை இரவுகளின் நகல்களை நம்பலாம் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

வட்டு, நினைவகம் இரண்டையும் சோதித்தேன், குறையில்லை. கேபிளை மாற்றினேன், பயனில்லை. இதற்கிடையே வேறொரு தகவல் கவனத்துக்கு வந்தது. அதே சர்வரிலிருந்து, மறைகுறியாக்கம் செய்து அனுப்பும் எஸ்எஸ்ஹெச் வழியாகப் பெரிய கோப்பு அனுப்பும்போது சில நேரங்களில் இணைப்பு அறுந்து, வந்த தரவின் அங்கீகாரக் குறியீடு சிதைந்திருக்கிறது என்ற பொருள் தரும் செய்தி மறுமுனைப் பதிவில் இருந்தது. மறைகுறியாக்கம் செய்த வழியில் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டு இணைப்பு அறுகிறது. மறைகுறியாக்கம் இல்லாத வழியில் அதே சிதைவு அமைதியாகக் கோப்புக்குள் போய் உட்காருகிறது. அப்படியானால் டிசிபியின் செக்சம் எங்கே போயிற்று என்று கேட்டுப் பார்த்தால்தான் விடை புலப்படும்.

செக்சம் கூட்டுவதைக் கார்டிடம் விட்டுவிட்டால், நினைவகத்திலிருந்து கார்டுக்குத் தரவு போய்ச் சேர்ந்த பிறகே அது கூட்டப்படுகிறது. நடுவழியில் தரவு கெட்டிருந்தால், கெட்ட தரவுக்குச் சரியான செக்சம் எழுதப்பட்டு, முத்திரை வைத்த உறைபோல அது வெளியே போகும். பெறுகிற கணினிக்குச் சந்தேகப்பட எந்தக் காரணமும் இருக்காது. பிராசஸரே செக்சம் கூட்டினாலோ, தரவு நல்ல நிலையில் இருக்கும்போதே அது எழுதப்பட்டுவிடுகிறது. பிறகு வழியில் எது கெட்டாலும் மறுமுனையில் கணக்குப் பொருந்தாமல் அந்தப் பாக்கெட் தள்ளப்பட்டு, மறுபடி கேட்டு வாங்கப்படும். இதைப் புரிந்துகொண்ட பிறகு நான் செய்த சோதனை எளியது. முதலில் டிஎஸ்ஓவை மட்டும் அணைத்து இருபது முறை நகலெடுத்தேன். நான்கு முறை ஹேஷ் பொருந்தவில்லை. பிறகு அனுப்பும் பக்கத்துச் செக்சம் ஆஃப்லோடை அணைத்து இருபது முறை நகலெடுத்தேன். ஒவ்வொரு முறையும் ஹேஷ் பொருந்தியது. அதே வேளையில் மறுமுனைக் கணினியில் டிசிபி செக்சம் பிழைகளின் கணக்கு, அதுவரை பூஜ்யமாக இருந்தது, ஒன்று, இரண்டு, ஐந்து என்று ஏறத் தொடங்கியது.

தங்கள் பக்கத்தில் வந்த யோசனைப்படி நடந்திருந்தால் நான் அங்கேயே நிறுத்தியிருப்பேன். நகல் சரியாகிவிட்டதே! ஆனால் அந்த ஏறும் எண், சிதைவு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது, இப்போது பிடிபடுகிறது, அவ்வளவுதான் என்று சொன்னது. கார்டை வேறு செருகிக்கு மாற்றினேன், எண் ஏறியது. அதே வகைக் கார்டு வேறொன்றைப் போட்டேன், எண் ஏறியது. டிரைவரை முந்தைய பதிப்புக்குத் திருப்பினேன், எண் நின்றுவிட்டது. செக்சம் ஆஃப்லோடை மறுபடி இயக்கிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன், ஒரு ஹேஷ் கூடத் தவறவில்லை. குற்றவாளி டிரைவரின் புதிய பதிப்பு. அதன் வெளியீட்டுக் குறிப்பில் பொதுவான மேம்பாடுகள் என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறொன்றும் இல்லை. தயாரிப்பாளருக்கு எழுதி அனுப்பினேன். அடுத்த பதிப்பில் அது சரிசெய்யப்பட்டிருந்தது, ஆனால் அந்தக் குறிப்பிலும் அதே இரண்டு சொற்கள்தான் இருந்தன. தரவைச் சிதைக்கும் ஒரு பிழை திருத்தப்படும்போது அதை வெளிப்படையாக எழுதாமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பழைய பதிப்பை ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருவர், தம் நகல்களைச் சரிபார்க்க வேண்டும் என்று எப்படி அறிவார்?

இந்தக் கவலை புதிதல்ல. ஜெரோம் சால்ட்சர், டேவிட் ரீட், டேவிட் கிளார்க் ஆகிய மூவரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதை ஒத்த நிகழ்வு ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார்கள். வலையமைப்பின் ஒவ்வொரு தாவலிலும் செக்சம் இருந்ததால் எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறது என்று நம்பப்பட்டது. ஆனால் வலையமைப்புகளை இணைத்து நடுவிலிருந்த ஒரு கேட்வே கணினி, உள்வரும் இடத்திலிருந்து வெளிச்செல்லும் இடத்துக்குத் தரவை மாற்றும்போது, ஏறத்தாழ பத்து லட்சம் பைட்டுக்கு ஒருமுறை இரண்டு பைட்டுகளை இடம் மாற்றிவிட்டது. செக்சம் காவல் இருந்தது கம்பியில். தவறு நடந்தது கணினிக்குள். ஒரு இயங்குதளத்தின் மூல நிரல்கள் அதனால் சிதைந்து, பழைய அச்சுப் பிரதிகளோடு கையால் ஒப்பிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று. பிறகு 2000-ஆம் ஆண்டில் ஜோனாதன் ஸ்டோன், கிரெய்க் பாட்ரிட்ஜ் ஆகியோர் உண்மையான இணையப் போக்குவரத்தை ஆராய்ந்து, கம்பியில் நேரும் பிழைகளைப் பிடிக்கும் சிஆர்சி சோதனையைத் தாண்டி வந்த பாக்கெட்டுகளிலும் 1,100-க்கு ஒன்று முதல் 32,000-க்கு ஒன்று வரை டிசிபி செக்சத்தில் தோற்பதைக் கண்டார்கள். அந்தப் பிழைகளில் பல, கணினிகளுக்கும் ரூட்டர்களுக்கும் உள்ளே தோன்றியவை. செக்சத்தை எங்கே கூட்டுகிறோம் என்பது வேகத்தை மட்டும் பொறுத்த விஷயமாக இருக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

இனி, அணைத்துப் பார்க்கும் வரிசை. லினக்ஸில் இதற்கான கருவி ஈத்டூல். சிறிய கே எழுத்தோடு கொடுத்தால் இப்போதைய நிலையைக் காட்டும். பெரிய கே எழுத்தோடு கொடுத்தால் மாற்றும். காட்டும் பட்டியலை முதலில் ஒரு கோப்பில் சேமித்து வைக்க வேண்டும், ஏனெனில் தொடக்க நிலை எது என்பது மாற்றிய பிறகு யாருக்கும் நினைவிருக்காது. சிறிய ஐ எழுத்தோடு கொடுத்தால் டிரைவரின் பெயர், பதிப்பு, கார்டின் உள்மென்பொருள் பதிப்பு மூன்றும் வரும்; பெரிய எஸ் எழுத்தோடு கொடுத்தால் கார்டு தானே வைத்திருக்கும் எண்ணிக்கைகள் வரும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் கார்டின் அட்வான்ஸ்டு பட்டியலுக்குள் இவை ஐபியின் நான்காம் பதிப்புக்கும் ஆறாம் பதிப்புக்கும் தனித்தனியாக இருக்கும்; ஒன்றை அணைத்துவிட்டு மற்றொன்றை மறந்துவிடுவது வழக்கமான தவறு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே அணைக்க வேண்டும், அதிலும் டிஎஸ்ஓவைத்தான் முதலில் அணைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. லினக்ஸில் அனுப்பும் பக்கத்துச் செக்சம் ஆஃப்லோடை அணைத்தால் டிஎஸ்ஓவும் தானாகவே அணைந்துவிடும். நறுக்கப்பட்ட ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் எழுதக் கார்டால்தான் முடியும் என்பதால் ஒன்றில்லாமல் மற்றது இயங்காது. செக்சத்தை முதலில் அணைத்தவர் இரண்டையும் சேர்த்து அணைத்துவிட்டார், அவருக்கே தெரியாமல். பழுது போய்விட்டது என்றாலும் எதனால் போயிற்று என்று அவரால் சொல்ல முடியாது. டிஎஸ்ஓவை அணைத்ததால் மட்டும் சரியானால் நறுக்கும் வேலையில் பிழை. அணைத்தும் தீராமல் செக்சத்தை அணைத்த பிறகு சரியானால், என் அனுபவத்தில் நடந்தது போல, பிழை இன்னும் ஆழத்தில் இருக்கலாம், மறுமுனையின் பிழைக் கணக்கை அவசியம் பார்க்க வேண்டும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: இந்த அமைப்புகளை மாற்றும்போது சில டிரைவர்கள் கார்டையே மீட்டமைத்து இணைப்பைச் சில நொடிகள் துண்டிக்கும். தொலைவிலிருந்து அதே கார்டு வழியாக உள்நுழைந்து இதைச் செய்கிறவர், திரும்பி வர மாற்று வழி ஒன்றை முன்பே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

டிஎஸ்ஓ இல்லாவிட்டால் வேகம் அடியோடு போய்விடும் என்ற பயமும் தேவையில்லை. 2006-இல் லினக்ஸில் வந்த ஜிஎஸ்ஓ, பெரிய துண்டைக் கெர்னலின் அடுக்குகள் வழியே ஒரே துண்டாகக் கொண்டுவந்து, டிரைவரிடம் ஒப்படைப்பதற்குச் சற்று முன்பு மென்பொருளிலேயே நறுக்குகிறது. பலனில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும். ஆகவே டிஎஸ்ஓவை அணைக்கும்போது ஜிஎஸ்ஓவையும் சேர்த்து அணைக்கச் சொல்லும் யோசனைகளுக்குப் பெரும்பாலும் காரணம் இருப்பதில்லை. எல்ஆர்ஓவைப் பொறுத்தவரை என் கருத்து வேறு. ரூட்டராகவோ பிரிட்ஜாகவோ வேலை செய்யும் கணினியில் அது இருக்கவே கூடாது. வந்த பாக்கெட்டுகளை ஒட்டிப் பெரிதாக்கிவிட்டால் பழைய அளவுகளுக்குத் திரும்பப் பிரித்து அனுப்ப வழியில்லை, வெளிச்செல்லும் பக்கம் அவை அளவு மீறியவை என்று தள்ளப்படும்.

இந்த வசதிகளை இயல்பாக இயக்குவதா அணைப்பதா என்று டிரைவர் எழுதுகிறவர்களே தயங்கிய வரலாறு உண்டு. ரியல்டெக் கார்டுகளுக்கான லினக்ஸ் டிரைவரில் டிஎஸ்ஓ முன்பு இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதை இயக்கினால் சிலருக்கு அனுப்பும் வரிசை உறைகிறது, பலருக்கு நன்றாகவே ஓடுகிறது, ஆகவே விரும்புகிறவர் இயக்கிக்கொள்ளட்டும் என்று அந்த நிரலிலேயே காரணமும் எழுதப்பட்டிருந்தது. இதைத்தான் நேர்மையான குறிப்பு என்பேன். விண்டோஸில் டிசிபி வேலை முழுவதையும் கார்டிடம் ஒப்படைக்கும் சிம்னி என்ற ஏற்பாடு, சர்வர் 2003-இன் இரண்டாம் சர்வீஸ் பேக்கில் இயல்பாக இயக்கப்பட்டு வந்து, பல நிர்வாகிகளுக்குத் தொல்லை தந்து, பின்னர் கைவிடப்பட்டது. அத்தகைய முழு ஒப்படைப்பை லினக்ஸ் கெர்னல் குழு தொடக்கத்திலேயே ஏற்க மறுத்துவிட்டது.

மெய்நிகர் கணினிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே கணினிக்குள் இருக்கும் இரு மெய்நிகர் கணினிகளுக்கு இடையே போகும் பாக்கெட் எந்தக் கார்டையும் தொடுவதில்லை. ஆகவே அதன் செக்சம் எழுதப்படாமலேயே மறுமுனைக்குப் போகும். கெர்னல் அதைப் புரிந்துகொள்ளும். கணினிக்கு முகவரி பெற்றுத்தருபவையும் பாக்கெட்டைத் தாமே நேரடியாகப் படிப்பவையுமான பழைய டிஹெச்சிபி நிரல்கள் புரிந்துகொள்ளாமல் தள்ளிவிடும், அந்தக் கணினிக்கு முகவரியே கிடைக்காது. 2020-இல், பல கணினிகளில் நிரல்களைப் பகிர்ந்து இயக்கும் குபர்னெட்டீஸ் கிளஸ்டர்களில் பலரை அலைக்கழித்த ஒரு பழுதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது: ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் வைத்து அனுப்பும் விஎக்ஸ்லான் சுரங்கம் வழியே போகும் சில இணைப்புகள் சரியாக 63 நொடி தாமதித்தே கிடைத்தன. 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போகும் மறுமுயற்சி இடைவெளிகளைக் கூட்டினால் 63 வரும். அதாவது முதல் பாக்கெட்டும் அதன் மறுமுயற்சிகளும் தவறான செக்சத்தால் வழியிலேயே தள்ளப்பட்டுக்கொண்டிருந்தன. சுரங்க இடைமுகத்தில் மட்டும் செக்சம் ஆஃப்லோடை அணைப்பது தற்காலிகத் தீர்வாக இருந்தது. பழுது கெர்னலின் செக்சம் கணக்கில் இருந்ததே தவிர, எந்தக் கார்டிலும் இல்லை. ஒரு தாமதம் இப்படி ஒரே எண்ணாக வந்தால் அந்த எண்ணைக் கூட்டிப் பிரித்துப் பாருங்கள் என்று இளைய நிர்வாகிகளுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அணைத்தது அப்படியே இருந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். வீட்டுக் கணினியில் ஒரு கிகாபிட் இணைப்பில் பெரிய இழப்பு எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பல வாடிக்கையாளர்களுக்குத் தரவு அனுப்பும் சர்வரில் அப்படி அல்ல. பிராசஸரின் ஒரு பகுதி நிரந்தரமாகக் கூட்டல் கணக்குக்குப் போய்விடும். அத்துடன், ஈத்டூல் செய்த மாற்றம் கணினியை மறுபடி தொடங்கியதும் மறைந்துவிடும். ஆறு மாதம் கழித்து மின்தடையால் சர்வர் நின்று எழும்போது பழைய தொல்லையும் சேர்ந்தே எழும். அன்று பணியில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. மாற்றத்தை நிரந்தரமாக எழுதி வைத்தாலும், ஏன் எழுதினோம் என்ற குறிப்பு இல்லையென்றால், டிரைவர் எப்போதோ திருத்தப்பட்ட பிறகும் அது நீக்கப்படாமல் கிடக்கும். நான் பொறுப்பேற்ற ஒரு சர்வரில், யார் எப்போது அணைத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாத ஆறு அமைப்புகள் இருந்தன. ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்ததில் ஆறுமே குறையின்றி ஓடின.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. அந்தக் கேள்வியை அனுப்பிய வாசகருக்குக் கணினிப் பக்கத்தின் அடுத்த இதழில் இரண்டாவது பதில் ஒன்றை வெளியிடுங்கள். அவர் ஏற்கெனவே எல்லாவற்றையும் அணைத்திருந்தால், எல்ஆர்ஓவை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப இயக்கி, எதை இயக்கும்போது தொல்லை திரும்புகிறது என்று பார்க்கட்டும். செக்சத்தை இயக்காமல் டிஎஸ்ஓவை இயக்க முடியாது என்பதால் செக்சத்தை முதலில் இயக்க வேண்டியிருக்கும். அதை இயக்கிய பிறகு ஒரு பெரிய கோப்பைப் பத்து முறையாவது நகலெடுத்து, ஒவ்வொரு முறையும் இரு முனைகளிலும் ஹேஷ் எடுத்து ஒப்பிடட்டும். நின்றுபோகும் இணைப்பைவிட, நிற்காமல் தவறாகப் போகும் நகல்தான் அவருக்கு அதிக இழப்பைத் தரும். தொல்லை தரும் அமைப்பு எது என்று தெரிந்ததும், டிரைவர் பதிப்பு, கார்டின் உள்மென்பொருள் பதிப்பு, கெர்னல் பதிவில் வந்த வரி ஆகியவற்றைத் தயாரிப்பாளருக்கும் தங்களுக்கும் எழுதி அனுப்பட்டும். அந்த விவரங்களைத் தாங்கள் அச்சிட்டால், அதே கார்டை வைத்திருக்கும் மற்ற வாசகர்கள் தங்கள் நகல்களை உடனே சரிபார்த்துக்கொள்ள முடியும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
சர்வர் பராமரிப்புப் பணியாளர்